மகாராணிக்கு ஒட்டிய வாய்

நல்லம்மா ரீச்சர் இளவயதில் நாடகத்தில் நடித்தவராம். அதுவும் மகாராணியாக, அதுவும் மேடை முழுக்க ஆண்கள் நிற்க, நடுவில் தனி ஒரு பெண்ணாக.

இந்தச் செய்தி எங்கே பிறந்தது என்று விசாரித்துக்கொண்டு போனால், திருகோணமலைப் பட்டினத்தில் எந்தச் செய்திக்கும் கிடைக்கிற விலாசமே இதற்கும் கிடைக்கும். மீன்சந்தையில் கேட்டால் தபால் கந்தோரில் கதைத்தார்கள் என்பார்கள். தபால் கந்தோரில் கேட்டால் மீன்சந்தையைக் காட்டுவார்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்தது தம்பிராசாவின் சலூன். அங்கே மட்டும் செய்தியோடு ஆதாரமும் வைத்திருந்தார்கள்.

“நான் சும்மா சொல்லுறனோ? கலைவிழாக் கண்காட்சி மண்டபத்தில படம் தொங்குது. ‘முத்துத்தீவு மகாராணி’ எண்டு பழைய நாடக போஸ்டர். ராணி முடி வைச்சு, முத்துமாலை போட்டு, ரீச்சர் அப்பிடியே நிக்கிறா. கண்ணால பாத்திட்டு வந்தனான்,” என்றார் தம்பிராசா, கத்தியைத் தோல்வாரில் தீட்டியபடி.

கதிரையில் சாய்ந்திருந்தவர் பாக்கியரத்தினம். மத்திய வீதியில் படம் எடுக்கிற ஸ்ரூடியோ வைத்திருப்பவர். அந்த மண்டபத்தில் தொங்கிய போஸ்டர்கள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டுக் கிழிசல் தைத்துக் கொடுத்தவரே அவர்தான். ஆகவே ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். ஆனால் அவர் ஏழாம் வகுப்பில் நல்லம்மா ரீச்சரிடம் படித்தவர். நாற்பத்தைந்து வயது மனிதனுக்குள்ளே உட்கார்ந்திருந்த அந்த ஏழாம் வகுப்புக்காரன், அடிமட்டத் தடியால் விரல் மொழியில் அடி வாங்கியதை மறக்காதவன், இந்தச் செய்தியைக் கேட்டதும் எழும்பி நின்று கை தட்டினான்.

“அதுதான் பாருங்கோ,” என்றார் பாக்கியரத்தினம். “ஆம்பிளையளோட மேடையில கூத்தாடினது மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிய வந்திருக்கும். அதுதான் கலியாணம் குழம்பினது.”

சலூனில் இருந்தவர்கள் “ஓம், ஓம், இருக்கும்” என்றார்கள். மாப்பிள்ளை என்று ஒருவர் எந்தக் காலத்திலும் இருந்ததாகப் பாக்கியரத்தினத்துக்குத் தெரியாது. ஆனால் ரீச்சர் ஏன் கலியாணம் செய்யவில்லை என்பது ஊரில் வெகுகாலமாக வெறுமையாகக் கிடந்த ஓர் இடம். வெறுமையான இடத்தைக் கண்டால் பாக்கியரத்தினத்துக்குக் கை சும்மா இருக்காது. முகம் வழித்து, பவுடர் போட்டு, ஒரு நல்ல காரியம் செய்த ஆளைப்போல எழும்பி வந்தார்.

அன்று பின்னேரம் தேத்தண்ணீரோடு மனைவி குணேஸ்வரி வந்தாள்.

“உங்களுக்குத் தெரியுமே? எங்கட நல்லம்மா ரீச்சருக்கு மாப்பிள்ளை பாத்து, தாலியும் செய்து முடிஞ்சுதாம். மாப்பிள்ளை மட்டக்களப்புப் பக்கமாம். நாடகக்காரி எண்டு தெரிஞ்ச உடன தாலியை உருக்கிக் காப்பாக்கிப் போட்டினமாம்.”

“ஆர் சொன்னது?”

“ஊரே சொல்லுது. நீங்கள்தான் ஒரு கதையும் தெரியாம அந்தப் பெட்டிக்கு முன்னால குந்திக்கொண்டிருக்கிறியள்.”

காலையில் தான் பெற்று வீதியில் விட்ட பிள்ளை, பின்னேரத்துக்குள் வளர்ந்து, ஊர் பெயர் வைத்துக்கொண்டு, பவுணும் போட்டுக்கொண்டு வீட்டுக்கே திரும்பி வந்திருந்தது. அப்போதுதான் பாக்கியரத்தினத்துக்கு மண்டபத்துப் படத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. தேத்தண்ணீரை அப்படியே வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. சமாதானம் எல்லாருக்கும் நல்லது, ஸ்ரூடியோக்காரரைத் தவிர. சண்டை நடந்தபோது மனிதனுக்கு ஒரு முகம் போதாது. அடையாள அட்டைக்கு ஒன்று, பயணப் பாசுக்கு ஒன்று, பொலிஸ் பதிவுக்கு ஒன்று என்று ஊர் முழுவதும் பாக்கியரத்தினத்தின் நீலத்துணிக்கு முன்னால் வந்து நேராக உட்கார்ந்து எழும்பிப் போனது. சுட்டுக்கொள்வது நின்றதும் படம் எடுத்துக்கொள்வதும் நின்றது. ஆகவே அவர் செத்துப்போனவர்களிடம் போனார். செல்லரித்த அப்பாமாரையும் பூஞ்சணம் பிடித்த மாமாமாரையும் ஸ்கானரில் வைத்து, கம்ப்யூட்டரில் துடைத்து, புதிதாக்கிக் கொடுத்தார். அந்தக் கைராசியைக் கேள்விப்பட்டுத்தான், மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற குணரத்தினம் பழைய நாடக போஸ்டர் கட்டோடு வந்து இறங்கினார். சமாதானத்தோடு கூடவே வந்த கலைவிழா ஒன்றுக்கு அவர் தலைவர்.

போஸ்டருக்கு வைத்தியம் பார்ப்பது பெரிய வித்தை அல்ல. கிழிந்த வானத்துக்குப் பக்கத்து வானத்தில் கொஞ்சம் கிள்ளிப் பூசலாம். பொத்தலான சேலைக்கு அதே சேலையின் மற்றக் கரையை எடுக்கலாம். கம்ப்யூட்டரில் அதற்கென்றே முத்திரைக் கட்டைபோல ஒரு சின்னப் படம் இருக்கிறது. நல்ல இடத்தில் தொட்டுக் கெட்ட இடத்தில் குத்தினால் சரி. இதில் களவு ஒன்றுமில்லை. அந்தப் படத்தின் சொத்து அந்தப் படத்துக்குள்ளேயே கைமாறுகிறது.

‘முத்துத்தீவு மகாராணி’யில்தான் சிக்கல். வெள்ளைக்காரன் காலம் முடிகிற கையோடு துறைமுகப் பட்டறைத் தொழிலாளர்கள் போட்ட நாடகம் அது. கறையான் மகாராணியின் மூக்குக்குக் கீழே தொடங்கி நாடி வரைக்கும் தின்றிருந்தது. கன்னம் ஒன்று போனால் மற்றக் கன்னத்தைத் திருப்பிப் போடலாம். வாய்க்கு உதிரிப்பாகம் அதே முகத்தில் கிடையாது.

யார் அந்த மகாராணி என்று பெயரைப் பார்க்கலாம் என்றால், பெயர்கள் அச்சடித்த அடிப்பகுதிக்கு வேறு கதை. தலைவர் குணரத்தினம் போஸ்டரை உறுதிப்படுத்துகிறேன் என்று கோதுமை மாப் பசை காய்ச்சி, மட்டையில் ஒட்டி, முற்றத்தில் வெயிலில் வைத்தார். படலையைச் சாத்த மறந்தார். பட்டினத்துக்குள் வரி கட்டும் குடிமக்களைப்போல உலாவித் திரியும் புள்ளிமான்களில் ஒன்று உள்ளே வந்து, பசை ருசியில் அடியிலிருந்து தொடங்கி, நடிகர்கள் அனைவரையும் தின்றுவிட்டு, மகாராணியின் பாதத்தில் கல் தட்டுப்பட்டதுபோல நிறுத்திவிட்டுப் போய்விட்டது.

“வாயை அப்பிடியே வெறுமையா விடுவமே ஐயா?” என்று பாக்கியரத்தினம் அன்றைக்குக் கேட்டார்தான்.

“தம்பி, கொழும்பிலயிருந்து பிரதம விருந்தினர் வாறார். வாயில்லாத ராணிக்கு முன்னால நிண்டு நான் என்னெண்டு வரவேற்புரை சொல்லுறது? ஏதாவது செய்யும்.”

ஏதாவது என்றால், கம்ப்யூட்டருக்குள் அடையாள அட்டைப் படங்களாக ஊரே இருந்தது. சிரிக்காத, சரியாத, பல் தெரியாத ஒரு வாய் வேண்டும். தேடியதில் ஒன்று அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. யாருடையது என்று தெரிந்துதான் எடுத்தார். பல சோதனைச் சாவடிகளில் காட்டப்பட்டு, ஒரு முறையும் பிழை சொல்லப்படாத வாய். அதைப் பழுப்பாக்கி, அச்சுப் புள்ளி போட்டு ஒட்டினார். மூக்குக்குக் கீழே கறையான் விட்டுவைத்த ஒரு கரிய தீற்றல் இருந்தது. பூஞ்சணமாக்கும் என்று அதையும் துடைத்துவிட்டார். ஒரு வாய்தானே, ஆருக்குத் தெரியப்போகுது என்றுகூட நினைத்தார்.

மண்டபத்து வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே பார்த்தபோது அது தெரிந்தது. அவர் அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில், பெருப்பித்து, விரற்கடை விரற்கடையாகத்தான் பார்த்திருந்தார். ஊர் பார்க்கிற தூரத்தில் நின்று ஒருமுறையும் பார்க்கவில்லை. புள்ளி புள்ளியாகப் பார்த்தவர் முகத்தைப் பார்க்காமல் போயிருந்தார். இப்போது வாசலிலிருந்து பார்க்க, முடியும் முத்துமாலையுமாக நல்லம்மா ரீச்சர், வீட்டுவேலை செய்யாமல் வந்த வகுப்பைப் பார்க்கிற அதே பார்வையோடு நின்றார்.

போஸ்டருக்கு முன்னால் பள்ளிக்கூடச் சட்டையோடு இரண்டு பிள்ளைகள். ரீச்சர் வீட்டுக்குப் பின்னேர வகுப்புக்குப் போகிறவர்கள். ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள். மற்றவள் சொன்னாள்:

“சிரிக்காதையடி. பாவம். இதாலதானாம் அவவின்ர கலியாணம் குழம்பினது.”

அது பாக்கியரத்தினத்தின் வசனம். ‘கலியாணம் குழம்பினது’ என்ற சொல்கூட மாறாமல் இருந்தது. அவர் சத்தமில்லாமல் சைக்கிளைத் திருப்பினார்.

மறுநாள் காலை ஸ்ரூடியோ திறந்ததும் ரீச்சர் வந்தார். குடையைச் சுருக்கிக் கதவு மூலையில் சாத்தினார். வாடிக்கையாளர் வாங்குப் பலகையில் இருக்காமல், நீலத்துணிக்கு முன்னால் இருந்த முக்காலியில் போய் நேராக உட்கார்ந்தார்.

“படமோ ரீச்சர்?”

“படம் உம்மட்ட இருக்குதே. பாக்கியரத்தினம், என்ர வாயை எனக்குத் தெரியாதோ? எத்தினை வருஷமா அதை ஆமிக்காரனுக்கு நீட்டிக்கொண்டு திரியிறன்.”

பாக்கியரத்தினம் மேசையைத் துடைத்தார். மேசையில் தூசி இல்லை.

“நடிச்சவ எண்டதுக்கு எனக்குக் கோவமில்லை,” என்றார் ரீச்சர். “சூனியக்காரிக்கு ஒட்டாம ராணிக்கு ஒட்டினீர், அதுக்கு உபகாரம். என்ர படலையில பிள்ளையள் சோக்கட்டியால ராணி முடி கீறி விட்டிருக்குதுகள். அதையும் துடைச்சுப் போட்டன். ஆனா நேற்று ஒரு தாய் வந்து என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு அழுகிறா. ‘அந்த ஆக்கள் உங்களுக்கு இப்பிடிச் செய்திருக்கக் கூடாது ரீச்சர்’ எண்டு. எந்த ஆக்கள்? நான் காணாத மாப்பிள்ளை, நான் காணாத தாலி. என்ர வீட்டில இருந்து என்னைப் பாத்தே இரங்குறா.”

“ஊர் அப்பிடித்தானே ரீச்சர், வாய்க்கு வந்ததை...”

“நான் கலியாணம் செய்யாததுக்கு ஒரு காரணம் இருக்குது. அது என்னட்டையே இருக்கட்டும். அந்த இடத்தில ஆரோ ஒருத்தர் தன்ர கைச்சரக்கை ஒட்டியிருக்கிறார்.” ரீச்சர் எழும்பினார். “ஏழாம் வகுப்பில ‘கீறிட்ட இடங்களை நிரப்புக’ எண்டு குடுத்தா நீர் ஒண்டையும் வெறுமையா விட மாட்டீர். அவ்வளவும் பிழையாயிருக்கும். ஆனா வெறுமை இராது.”

பாக்கியரத்தினம் மூலையிலிருந்த குடையை எடுத்து நீட்டினார்.

“சனிக்கிழமை கண்காட்சி முடியுது. சனமெல்லாம் வரும். எழும்பி நிண்டு, நான்தான் செய்தனான் எண்டு சொல்லும். ரெண்டையும். வேறொண்டும் எனக்கு வேண்டாம்.”

ரீச்சர் போன பிறகும் ‘ரெண்டையும்’ என்ற அந்தச் சொல், வாயும் மாப்பிள்ளைக் கதையுமாக, முக்காலியில் உட்கார்ந்திருந்தது.

சொன்னால் என்ன ஆகும் என்று பாக்கியரத்தினம் கணக்குப் பார்த்தார். இந்த ஊரில் ஒருவனுடைய படம் வேறொருவன் கையில் அகப்படுவது என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். படத்தை வைத்து ஆள் பிடித்திருக்கிறார்கள். படத்தை வைத்து ஆள் தேடியிருக்கிறார்கள். இவன் எங்களுடைய முகங்களை வெட்டி வெட்டி விளையாடுகிறான் என்று தெரிந்தால் அந்த நீலத்துணிக்கு முன்னால் பிறகு யார் வந்து உட்காருவார்கள்? சொல்லாவிட்டால் ரீச்சர் படலையைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஒரு பக்கம் ஸ்ரூடியோ, மறுபக்கம் ரீச்சரின் பெயர். நேர்மையான மனிதனுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. பாக்கியரத்தினம் இரண்டு நாள் யோசித்தார்.

யோசித்ததில் ஒரு குறுக்குப்பாதை தெரிந்தது. உண்மையான மகாராணியைக் கண்டுபிடித்து மேடையில் நிறுத்திவிட்டால், தான் எழும்பி நிற்க வேண்டியதில்லை அல்லவா? குணரத்தினத்தைப் பிடித்துக் கேட்டார்.

“பட்டறையில வேலை செய்த கிண்ணியா ஆள் ஒருத்தர் இருக்கிறார், அபூதாஹிர் எண்டு. அவரும் அதில ஏதோ வேஷம் கட்டினவர்,” என்றார் தலைவர்.

பாக்கியரத்தினம் பஸ் எடுத்து, கிண்ணியாத் துறையில் ‘பாதை’ என்று சொல்லுகிற மிதவையில் ஏறி, ஆட்டோவுக்கும் ஆட்டுக்கும் நடுவில் நின்று அக்கரைக்குப் போனார். அபூதாஹிர் வீட்டு முற்றத்தில் கதிரை போட்டிருந்தார். எழுபது தாண்டிய உடம்பு. ஆனால் மீசை மட்டும் வெள்ளைக் கயிறு முறுக்கியதுபோல இரண்டு பக்கமும் விறைத்து நின்றது. படத்தின் பிரதியை விரித்துக் காட்டியதும் கிழவர் கண்ணாடியைத் தேடினார்.

“யா அல்லாஹ்! இது நான்தானே மகன்!”

“நீங்களோ? ராணியோ, நானா?” அந்தப் பக்கத்தில் முஸ்லிம் அண்ணன்மாரை ‘நானா’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

“வேற ஆரு? அந்த நாளையில பொம்புளைய மேடையில ஏத்துவாங்களா? சேலை கட்டினா எனக்கு நடை வரும்.” படத்தை முகத்துக்குக் கிட்டப் பிடித்தார். அவருடைய சிரிப்பு மெல்ல இறங்கியது. “ஆனா இந்த வாய் எனக்குரியது இல்ல. என்ட மீசை எங்க?”

“மீசையோ?”

“மீசை மகன், மீசை! ஞாயித்துக்கெழம நாடகம், புதன்கெழம எனக்குக் கலியாணம். மீசைய வழிச்சிட்டு மாப்புளையாப் போய் நிக்க ஏலுமா? மீசையோடதான் ராணி, இல்லாட்டி ராணியே இல்ல எண்டுட்டன். கத்தி எடுத்தவன் பயந்து போனான். சனம் நாடகத்தப் பாக்க வரல்ல, மீசை வெச்ச ராணியப் பாக்கத்தான் வந்திச்சி.”

மூக்குக்குக் கீழே தான் துடைத்துவிட்ட அந்தப் ‘பூஞ்சணம்’ பாக்கியரத்தினத்தின் கண்ணுக்குள் வந்து நின்றது.

“அப்ப... கலியாணம்?” என்றார். ஏன் கேட்டோம் என்று கேட்ட பிறகுதான் யோசித்தார்.

“நடந்திச்சி. பொண்ணு வீட்டாக்கள் முன்வரிசையில இருந்து சிரிச்சாங்க. நாடகத்தில நடிச்சா கலியாணம் நிக்குமா? எந்த மடையன் சொன்னது?”

எந்த மடையன் என்பதைப் பாக்கியரத்தினம் சொல்லவில்லை. “உங்கட மீசையை நான் திருப்பிப் போட்டுத் தாறன் நானா. சனிக்கிழமை மட்டும் வாங்கோ,” என்று கையைப் பிடித்தார்.

சனிக்கிழமை அபூதாஹிர் வெள்ளைச் சாரமும் முறுக்கிய மீசையுமாக வந்தார். மேடையில் ஏறி, இடுப்பில் கை வைத்து நாலு எட்டு நடந்து காட்டினார். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. மகாராணி யார் என்பதில் அதன் பிறகு ஒருவருக்கும் சந்தேகமில்லை. தம்பிராசாகூட, “நான் முந்தியே நினைச்சனான், தோள் அகலம்,” என்றார்.

ரீச்சர் பின்வரிசையில் இருந்தார். வீட்டோடு இருந்தால் ஒளிக்கிறா என்பார்கள் என்று வந்திருக்க வேண்டும். குடை மடியில் கிடந்தது.

அப்போது குணரத்தினம் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “அப்ப இந்த வாய் எங்கயிருந்து வந்தது? பாக்கியரத்தினம் தம்பி, கொஞ்சம் விளங்கப்படுத்தும்.”

பாக்கியரத்தினம் எழும்பினார். சனம் திரும்பிப் பார்த்தது. இரண்டு சொல் போதும்: நான்தான் செய்தனான். வாயைத் திறந்தார்.

“அது வந்து ஐயா... கம்ப்யூட்டர் தானா நிரப்பினது. பொத்தலைக் கண்டா சில நேரம் அப்பிடிச் செய்யும்.”

“ஆ!” என்றது மண்டபம். கம்ப்யூட்டர் எதையும் செய்யும் என்று நம்ப ஊர் ஆயத்தமாகத்தான் இருந்தது. சிலர் பயபக்தியோடு தலையாட்டினார்கள். பின்வரிசையிலிருந்து, உரக்க இல்லாமல், ஆனால் வகுப்பறை முழுக்கக் கேட்கிற அந்தக் குரல் வந்தது:

“அந்தக் கம்ப்யூட்டர் எந்தப் பள்ளிக்கூடத்தில படிச்சது, பாக்கியரத்தினம்?”

ரீச்சர் பகிடி விடுகிறார் என்று எல்லாரும் சிரித்தார்கள். பாக்கியரத்தினம் ஒருவர்தான் சிரிக்காமல் உட்கார்ந்தார்.

நாடகக்காரி என்ற கதை அன்றோடு செத்தது. ஆனால் மாப்பிள்ளை சாகவில்லை. அன்றைக்குச் சோறு போடும்போது குணேஸ்வரி கேட்டாள்: “அப்ப நாடகமும் இல்லையெண்டா, அந்த மட்டக்களப்பு மாப்பிள்ளை ஏன் விட்டிட்டுப் போனவராம்? வேற ஏதும் இருந்திருக்கும், என்ன?” பாக்கியரத்தினம் சோற்றைப் பிசைந்தார். குழம்பில் உப்புக் குறைவு என்றார்.

பிறகு சமாதானம் வந்த வழியே போனது. மறுபடியும் ஷெல் விழுந்தது, மறுபடியும் பாதை மிதவை இடையிடையே நின்றது, மறுபடியும் பதிவும் பாசும் வந்தன, மறுபடியும் ஸ்ரூடியோ வாசலில் ஊர் வரிசையில் நின்றது. அக்கரையிலிருந்து வருகிறவர்களிடம் அபூதாஹிர் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார், மீசை என்னாச்சு என்று. அவருடைய இளவயதுப் படம் ஒன்றுமில்லை. கம்ப்யூட்டருக்குள் நல்ல கருமீசைகள் எத்தனையோ கிடந்தன. பாக்கியரத்தினம் ஒன்றையும் தொடவில்லை. ஒட்டிய வாயை மட்டும் உரித்து எடுத்துவிட்டு, மகாராணியைப் பொத்தலோடு அப்படியே வைத்திருந்தார்.

ஒருநாள் ரீச்சரும் வரிசையில் வந்தார். புதுப் பாசுக்குப் படம். முக்காலியில் நேராக இருந்தார். படம் எடுத்து, பிரதி அடித்துக் கையில் கொடுத்ததும் எழும்பவில்லை.

“கம்ப்யூட்டரில கிடக்கிறதை இப்ப எனக்கு முன்னால அழியும்.”

அழித்தார். பழையதையும் தேடி எடுத்து அழித்தார். திரையைத் திருப்பிக் காட்டினார். ரீச்சர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டுக் குடையை எடுத்தார்.

“மற்றது?”

எது என்று அவர் கேட்கவில்லை. “நாளைக்குச் சலூனுக்குப் போறன் ரீச்சர். சொன்ன இடத்திலயே சொல்லிப்போடுறன்.”

“நேற்றும் போயிருக்கிறீர்தானே,” என்றார் ரீச்சர். “முகம் வழிச்சிருக்குது.”

மறுநாளும் போனார். தம்பிராசா துணியைக் கழுத்தில் கட்டி, “என்ன அண்ணை, ஊர்ப் புதினம் ஏதும்?” என்றார். வாங்கில் அதே ஆட்கள் இருந்தார்கள். பாக்கியரத்தினம் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். “தம்பிராசா, ஒண்டு சொல்ல வேணும். அண்டைக்கு ரீச்சரைப் பற்றி நான் ஒரு கதை...” என்று தொடங்கினார். நுரைத் தூரிகை வந்து உதட்டில் குந்தியது.

வழித்து முடிந்ததும் சொல்லியிருக்கலாம். தம்பிராசாவும் மறக்காமல், “என்னவோ சொல்ல வந்தியள்?” என்று கேட்டார்தான்.

“ஒண்டுமில்லை. கத்தி நல்ல கூர் எண்டு சொல்ல வந்தனான்,” என்றார் பாக்கியரத்தினம். முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரீச்சர் வீட்டுப் பக்கம் போகாத ஒழுங்கைச் சந்து வழியாக ஸ்ரூடியோவுக்கு வந்துசேர்ந்தார். சொல்லுவதற்குத் தாடி மறுபடி வளரும்வரை தவணை.